யானைக் குழியில் மூன்று பாடங்கள்

மலைக்கு அப்பால் உப்பு பொன்னாக விற்ற காலம் அது. கடற்கரையிலிருந்து பொதிமாடுகளில் உப்பேற்றிப் போகும் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் மூத்தவன் பூதப்பன். ஐம்பதைத் தாண்டியவன். மாட்டுக்குக் கொம்பு முளைப்பதுபோல் மனிதனுக்கு வயதானால் ஞானம் முளைக்கும் என்பது அவன் எண்ணம்.

அவனோடு சேர்ந்து கடை வைத்த நண்பன் ஒருநாள் கடைப் பணத்தோடு ஓடிப்போனான். உயிரைக் கொடுத்து உழைத்த இடத்தில் முதலாளி தன் மைத்துனனை மேலே வைத்தான். உடன்பிறந்தவர்கள் விருந்துக்கு மட்டும் வந்தார்கள். கேட்பவர்களே, இதெல்லாம் யாருக்கும் நடப்பதுதான். பூதப்பன் மட்டும் தன் காயத்துக்கு ஞானம் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

மாலையில் மாடுகளை அவிழ்த்து அடுப்பு மூட்டியதும் அவன் மூன்று பாடம் சொல்வான்.

"சிரித்துப் பேசுகிறவன் உன் மடியை எடை போடுகிறான். நன்றாகச் சுமக்கிற மாட்டுக்குத்தான் இன்னொரு பொதி. பள்ளத்திலிருந்து கூப்பிடுகிறவன் துணைக்கு ஆள் தேடுகிறான்."

எல்லோரும் தலையாட்டுவார்கள். பூதப்பனுக்கு அன்றைக்குச் சோறு ருசிக்கும்.

ஒருநாள் காட்டு ஓடையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். பூதப்பன் மடியில் வெல்லம் கலந்த அவல் இருந்தது. பிரித்தால் பங்கு கேட்பார்களே என்று புதருக்குப் பின்னால் ஒதுங்கினான். அங்கே யானை பிடிக்கிறவர்கள் வெட்டித் தழையால் மூடிய குழி இருந்தது. வாய் நிறைய அவலோடு உள்ளே போனான்.

கால் சுளுக்கிக்கொண்டது. யானைகள் ஓடைக்கு இறங்கும் வழி அது. பொழுது சாய்ந்தால் வந்துவிடும். ஒன்று தவறி விழுந்தாலும் பூதப்பன் மண்ணோடு மண். அவன் கத்தினான்.

கூட்டத்து ஆள் கொற்றன் வந்து எட்டிப் பார்த்தான். பூதப்பன் அவனைப் பார்த்து, என்றும் இல்லாதபடி, இனிக்க இனிக்கச் சிரித்தான்.

"சிரிக்கிறீங்களே அண்ணே" என்று கொற்றன் தன் மடியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அடுத்து மாறன் வந்தான். இன்று இவரைத் தூக்கினால், நாளை எவன் விழுந்தாலும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். இன்னொரு பொதி தனக்கு வேண்டாம் என்று பணிவோடு சொல்லிவிட்டுப் போனான்.

தித்தன் குழிப் பக்கமே வரவில்லை. தூரத்தில் நின்று மூன்றாம் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டுத் திரும்பினான்.

பூதப்பனுக்கு உயிர்ப் பயம். அதற்கு நடுவிலும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெற்ற பிள்ளைகள்கூட அவன் சொல்லை இவ்வளவு கருத்தாகக் கேட்டதில்லை.

எங்கோ கிளை முறியும் சத்தம் கேட்டது. பெருமை போய்விட்டது.

அப்போது பொதி கட்டும் கயிறு ஒன்று மேலிருந்து வந்து விழுந்தது. கூட்டத்துக்குச் சமைத்துப் போடும் சடையன் மறுமுனையை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். அவன் உள்ளங்கை உரிந்து இரத்தம் கசிந்தது.

மேலே வந்ததும் பூதப்பனின் கை முதலில் தன் மடியைத் தடவிப் பார்த்தது. அவல் பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது.

"ஏன்டா சடையா, என் பாடத்தை நீ கேட்டதே இல்லையா?"

"கேட்டேன் அண்ணே. மூணும் சரிதான், எனக்கும் நடந்திருக்கு. ஆனா கையில கயிறு இருந்துச்சே."

அன்று மாலை அடுப்பைச் சுற்றி எல்லோரும் பாடத்துக்குக் காத்திருந்தார்கள். பூதப்பன் மடியை அவிழ்த்து, நசுங்கிய அவலை ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டான்.

கொற்றன் தன் பங்கை முகர்ந்து பார்த்தான். பிறகு மாறன் காதில், "இவருக்கு நம்மகிட்ட என்ன வேணுமாம்?" என்று கேட்டான்.

யாரையும் நம்பாதே என்று ஊருக்குச் சொல்கிறவனையும், அவன் விழுந்த நாளில், அந்தச் சொல்லை மீறிய ஒருவன்தான் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.