தாளிக்காத நாற்பத்தெட்டு நாள்

முன்னொரு காலத்தில் ஒரு நகரத்தில் நாற்பத்தெட்டு நாள் யாரும் தாளிக்கவில்லை. பஞ்சமெல்லாம் இல்லை. கடைகளில் கடுகும் எண்ணெயும் கேட்பாரற்றுக் கிடந்தன. அரசருடைய ஆணை, அவ்வளவுதான்.

அமைச்சர் ஆதிமூலம் ஒரு மண்டல விரதம் எடுத்திருந்தார். ஒரு வேளைச் சோறு. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. எடுக்கட்டுமே! அவர் சாமி, அவர் வயிறு. அதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் முதல் நாள் காலையிலேயே பக்கத்துத் தெருவிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது. அமைச்சருக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. நேரே அரசரிடம் ஓடினார். "என் விரதம் கெட்டால் நாட்டுக்கே கேடு, அரசே!" என்றார்.

அரசர் நல்லவர்தான். சாமி பெயரைச் சொல்லி யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் கொடுத்துவிடுவார், அது ஒன்றுதான் கோளாறு. அன்றே முரசு அறைந்தார்கள். "விரதம் முடியும்வரை நகரத்தில் எவரும் தாளிக்கக் கூடாது. மீறினால் நாடு கடத்தப்படுவர். இந்த விரதத்தைக் காத்தவருக்குத் திருவிழாவில் பரிவட்டம் கட்டப்படும்." கோயில் பட்டைத் தலையில் கட்டும் அந்த முதல் மரியாதைக்காக அமைச்சர் பத்து வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி வரியை எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

பிறகு நடந்த கூத்தை என்ன சொல்ல! காவலர்கள் வீடு வீடாக மூக்கை நீட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்தச் சாமியைக் கும்பிடாதவர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கடுகும் வெடிக்கக் கூடாதாம். காய்ச்சலில் கிடந்தவனுக்கு மிளகு ரசம் கிடையாதாம். புண்ணியம் ஒருத்தருக்கு, வாயைக் கட்டுவது ஊருக்கு! நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நாற்பத்தேழாம் நாள். உப்பு வண்டி ஓட்டும் சடையப்பனின் மனைவி பூவாயி பிள்ளை பெற்று நான்கு நாள் ஆகியிருந்தது. பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தைக்கு அழுது அழுது குரல் கம்மிவிட்டது. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்துக் கொடுக்கச் சொன்னாள் மருத்துவச்சி. வீட்டில் வேறு பெண்கள் இல்லை. சடையப்பனே அடுப்பை மூட்டிச் சட்டியை வைத்தான். பூண்டு சிவப்பதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள். சட்டியைத் தெருவில் கவிழ்த்துவிட்டு அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் திருவிழா. கோயில் மண்டபத்திலேயே சபை கூடியது. தாம்பாளத்தில் பரிவட்டப் பட்டு தயாராக இருந்தது. அதற்கு எதிரே சடையப்பன் கட்டுண்டு நின்றான். பூவாயி குழந்தையோடு ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஆணையை ஏன் மீறினாய்?" என்றார் அரசர்.

"புள்ள பசியில கத்துது சாமி. நாப்பத்தாறு நாளு நானும் தாளிக்காமத்தான் தின்னேன், ஒரு வார்த்த பேசல. அமைச்சரய்யா விரதம் இருக்கட்டும், வேணாங்கல. அதுக்கு எம்புள்ள எதுக்கு சாமி பட்டினி கெடக்கணும்?"

அரசர் தலையைக் குனிந்துகொண்டார். ஆதிமூலம் விடவில்லை. "தெய்வ காரியத்தில் இரக்கம் கூடாது, அரசே! இவன் குடும்பத்தோடு இன்றே எல்லையைக் கடக்கட்டும்."

அப்போது சபை விகடகவி வேம்பையன் எழுந்தான். அவன் பேசினாலே அரசர் சிரிப்பார். அதனாலேயே ஆதிமூலத்துக்கு அவனைக் கண்டால் ஆகாது. "இவன் விரதத்தைப் பழிக்க வருகிறான், அரசே! எதிராக ஒரு சொல் சொன்னாலும் இவனையும் அந்த வண்டிக்காரனோடு அனுப்புங்கள்!" என்று முந்திக்கொண்டார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

"ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், அரசே. அமைச்சரிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்" என்று வேம்பையன் கும்பிட்டான். "பெருமானே, நேற்று இவன் பூண்டு வதக்கினானே, தங்கள் விரதம் கெட்டுவிட்டதா?"

கெட்டது என்றால் பரிவட்டம் போய்விடும். "துளியும் கெடவில்லை!" என்றார் அமைச்சர்.

"அப்படியானால் இவன் எதைக் கெடுத்தான்?"

"மூடனே! இவன் ஒருவன் என்பதால் தப்பியது. ஊரே தாளித்திருந்தால் என் கதி என்ன? ஊரார் நாவைக் கட்டியதால்தானே என் விரதம் நின்றது!"

வேம்பையன் அரசர் பக்கம் திரும்பினான். "கேட்டீர்களா, அரசே? தாங்கள் இட்ட ஆணையில் 'விரதம் இருந்தவருக்கு' என்று இல்லை, 'காத்தவருக்கு' என்றிருக்கிறது. இருந்தவர் அமைச்சர். காத்தவர்கள் ஊரார் என்று அவரே சொல்லிவிட்டார். பட்டு ஒன்று, தலை நாலாயிரம். ஆகவே எல்லாரிலும் கடுமையாகக் காத்தவருக்கே கட்டுங்கள். பச்சை உடம்போடு வெறுங்கஞ்சி குடித்து, பிள்ளையின் பாலையும் விட்டுக்கொடுத்து, அமைச்சரின் விரதத்தைக் காத்தவள் அதோ தூண் ஓரம் இருக்கிறாள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்டபமே சிரித்தது. ஆதிமூலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அரசர் சிரித்தபடியே பட்டை எடுத்துப் பூவாயியிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இத வச்சு நான் என்ன சாமி பண்ணுவேன்? எனக்குப் பூண்டு குடுங்க."

அரசரின் சிரிப்பு நின்றுவிட்டது. நேரே போய்ச் சடையப்பனின் கட்டைத் தானே அவிழ்த்தார். அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து பூண்டும் நல்லெண்ணெயும் பறந்து வந்தன. வெட்கத்தில் அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. "இனி இந்த நாட்டில் எவனும் விரதமே இருக்கக் கூடாது!" என்று கத்தினார்.

"ஐயோ, அது இதைவிட மோசம், அரசே!" என்று வேம்பையன் பதறினான். "தம் இலையில் உப்பு வேண்டாம் என்று அமைச்சர் சொன்னால் அது அவர் இஷ்டம். அதைத் தடுக்கத் தங்களுக்கே உரிமையில்லை. பூவாயி சட்டியில் பூண்டு வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு உரிமையில்லை."

அரசர் மறுபடி சிரித்தார். இந்த முறை மெதுவாக. தாளிப்புத் தடை அந்த நொடியே நீங்கியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பையனுக்குப் போட்டார். அவனும் வேண்டாம் என்று பாசாங்கு பண்ணவில்லை.

அடுத்த ஆண்டும் ஆதிமூலம் விரதம் இருந்தார். முதல் நாளே பூண்டு வாசனை வந்தது. எழுந்து போய்த் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.