செவலைக் கோழியும் செங்கோடன் விரதமும்

மலையடிவாரத்து மடத்தில் கோழிகள் இருந்தன. சாமியார்கள் இருக்கும் இடத்தில் கோழிக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் சேவலையும் கோழியையும் உயிரோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். விட்டதை அறுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. மடம்தான் தீனி போட்டாக வேண்டும்.

அந்தப் பொறுப்பு செங்கோடனுடையது. குரு அருளம்பலத்தைவிட வயதில் மூத்த சீடர் அவர். ஊரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் வாங்கிய மருந்தையே குடித்து ஒரு விவசாயி போய்ச் சேர்ந்தபின், கடையை இழுத்து மூடிவிட்டு மடத்துக்கு வந்தார். இனி எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சந்நிதியில் சத்தியம் செய்தார். கொசு கடித்தால்கூட ஊதித்தான் விரட்டுவார். மற்ற சீடர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நிம்மதியாகத் தூங்க அந்த மனிதருக்கு இருந்தது அந்த விரதம் ஒன்றுதான்.

செவலைக் கோழி ஒன்று நொண்ட ஆரம்பித்தது. தூக்கிப் பார்த்தார். காலில் செதில்கள் கலைந்த ஓடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றன. அடியில் சுண்ணாம்பு போலப் பொருக்கு. செதிலுக்குள் பூச்சி குடியேறிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பொருக்கைப் பிய்க்காமல் மெல்லத் தேய்த்து, ஈரம் துடைத்து வேப்பெண்ணெய் பூசிவந்தால் சரியாகிவிடும். எண்ணெய் எதற்கு என்பதும் தெரியும். பூச்சி மூச்சுமுட்டிச் சாகும்.

தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. கோழியைக் கீழே விட்டுவிட்டுக் குருவிடம் போனார். குரு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, செவலைக்குக் கால்ல பூச்சிங்க."

"வைத்தியம் பாருங்க."

"பாத்தா பூச்சி செத்துப்போயிருமுங்க."

"பாக்கலீன்னா?"

"வெரலு அழுகி விழுந்துருமுங்க. அப்புறம் கோழியே போயிருமுங்க."

குரு அடுத்த புளியை எடுத்தார்.

"நான் என்னங்க சாமி பண்றது?"

"கடை வெச்சிருந்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

உத்தரவா, குத்தலா? செங்கோடனுக்கு விளங்கவில்லை. கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்குமாக நடந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணெயும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். வெறும் வெந்நீரில் காலைக் கழுவினார். கழுவிய தண்ணீரை, பூச்சிகள் எங்கேயாவது பிழைத்துப் போகட்டும் என்று, நெல்லிமரத்தடிப் புழுதியில் பக்குவமாக ஊற்றிவைத்தார். பாம்பும் சாகவில்லை, கம்பும் உடையவில்லை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

மடத்துக் கோழிகள் எல்லாம் வெயில் நேரத்தில் வந்து புரளுவது அந்தப் புழுதியில்தான். தினம் பார்க்கிறவருக்கு அது எப்படி மறந்ததோ! கொஞ்ச நாளில் கறுப்பி என்ற இன்னொரு கோழி நொண்டியது. அதன்பின் ஒரு சேவல். செவலைக்கும் குணமில்லை. கூட்டின் ஓரமாக நெஞ்சை ஊன்றிப் படுத்துவிட்டது. தீனிக்குக் கம்பந்தானியம் கொண்டுவரும் செங்கோடனைக் கண்டதும் எழுந்து வரப் பார்க்கும், இரண்டு அடி வைக்கும், விழும்.

கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"சாமி, எதைப் பண்ணினாலும் பாவமா இருக்குது. சும்மா இருந்தாலும் பாவமா இருக்குது. எனக்கு ஒண்ணுமே புரியலீங்க."

"விரதம் யாருதுங்க?"

"என்னுதுங்க."

"நொண்டறது?"

குரு எழுந்துபோய் ஒரு சட்டியில் சோப்புத் தண்ணீரும் கிண்ணத்தில் வேப்பெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். செங்கோடனுக்குப் பாதி உயிர் வந்தது.

"நீங்களே பூசிருங்க சாமி. நான் புடிச்சுக்கறேன்."

"பூசறேன். அப்பப் பாவம் எனக்கு வரும். பரவாயில்லீங்களா?"

கேட்டுவிட்டு, கோழிக்காலைத் தண்ணீரில் விட்டு ஊறவைத்தார், தேய்த்தார், துடைத்தார். எண்ணெயில் விரலை வைக்கப் போனார்.

"இருங்க சாமி," என்றார் செங்கோடன். "கிண்ணத்தை இங்க குடுங்க."

கோழியைக் குருவின் மடிக்கு மாற்றிவிட்டு அவரே பூசினார். பாதி எண்ணெய் குருவின் காவி வேட்டியில் வழிந்தது. ஒவ்வொரு செதிலின் இடுக்கிலும் எண்ணெய் இறங்கும்வரை பூசினார். கடையில் இருந்த காலத்தில்கூட இத்தனை கவனமாக அவர் எதையும் கொன்றதில்லை.

செவலையை இறக்கிவிட்டுக் குரு வேட்டியை மடித்துக் கட்டினார். கறுப்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சேவல் அவருக்குக் கொல்லை முழுக்க ஆட்டம் காட்டிவிட்டுத்தான் அகப்பட்டது. பிறகு ஒரு கொழுத்த பெட்டையைக் கொண்டுவந்தார்.

"இது நல்லா நடக்குதுங்களே சாமி."

"அதுங்க கூடத்தானே படுக்குது."

அதற்கும் செங்கோடனே பூசினார், பிறகு மிச்சமிருந்த எல்லாவற்றுக்கும். கடைசிக் கோழியும் உதறிக்கொண்டு ஓடியபோது செங்கோடனின் கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"எத்தனை உசுருங்க சாமி. கண்ணுக்குக்கூடத் தெரியலீங்க. நாளைக்கும் பூசணும், மறுவாரமும் பூசணும். இதுகளுக்கு ஆருங்க அழுவாங்க?"

குரு எழுந்து, அடுப்பு மூட்டப் போகிறவர் போல நடந்தார். பாதியில் நின்று திரும்பினார்.

"நீங்க அழுங்க. கிண்ணத்தைக் கீழ வெக்காம அழுங்க."