ஆயிரம் பேர் இறங்கிய கிணறு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அந்நாட்டு அரசன் அரண்மனைத் தோட்டத்தில் பெரிய கிணறு ஒன்று வெட்டச் சொல்லியிருந்தான். பத்துப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் காண இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். அரசனுக்கோ மறுநாளே அந்த நீரில் குளித்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

சபையில் மந்திரி அனந்தபத்திரர் எழுந்தார். அரசனைச் சிரிக்க வைக்கும் விகடன் மருதப்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

“அரசே, பத்துப் பேருக்குப் பத்து நாள் என்றால் நூறு பேருக்கு ஒரே நாள், அதாவது முப்பது நாழிகைப் பகல். ஆயிரம் பேரை இறக்கினால் மூன்று நாழிகை. இந்த எளிய வேலையை மருதப்பனிடம் ஒப்படையுங்கள்.”

அரசன் வாயைப் பிளந்தான். வெறும் எண்களைக் கொண்டு நாட்களை நாழிகைகளாகச் சுருக்க முடிகிறதே என்று அவனுக்கு மெய் சிலிர்த்தது. மறுநாள் காலை ஆயிரம் பேர் கிணற்றில் இறங்க வேண்டும், உச்சிப்பொழுதுக்குள் நீர் வராவிட்டால் மருதப்பன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டான். அன்று மருதப்பன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவன் மனைவி அழுதபடியே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

விடிந்ததும் மருதப்பன் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினான். யாரை நிறுத்துவது என்று அரசன் சொல்லவில்லை அல்லவா? முதலில் கிணறு வெட்டும் பத்துப் பேர். பதினோராவது ஆள் அனந்தபத்திரர். அவருக்குப் பின்னால் சபைப் பண்டிதர்கள். பத்துப் பேர் இறங்கும்வரை கடப்பாரை வீச இடம் இருந்தது. பதினைந்தாவது ஆள் இறங்கியதும் தோள்கள் உரசின. இருபதுக்குப் பிறகு யாராலும் கையைக்கூடத் தூக்க முடியவில்லை. இருபத்தோராவதாக இறங்கிய பருத்த பண்டிதருக்கு மந்திரியின் தோளில்தான் இடம் கிடைத்தது.

அரசன் வந்து, வேலை ஏன் நடக்கவில்லை என்று அதட்டினான்.

“கணக்குப்படி ஆயிரம் பேரும் இறங்கிய பிறகுதானே ஆரம்பிக்க வேண்டும், அரசே? இன்னும் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது பேர் இருக்கிறார்கள்,” என்றான் மருதப்பன்.

அரசன் எட்டிப் பார்த்தான். உள்ளே தலைகள்தான் தெரிந்தன.

“படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம், அரசே. கடப்பாரை வீச ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?”

அரசன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

“அப்படி எத்தனை பேர் உள்ளே நிற்கலாம்?”

அரசன் கிணற்றைக் கண்ணால் அளந்தான். “பத்துப் பேர்.”

“மற்றவர்கள்?”

“மேலே நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்,” என்ற அரசன் சட்டென்று நிறுத்தினான். “அப்படியானால் ஆயிரம் பேர் வந்தாலும் பத்து நாள்தான்.”

விடை தன் வாயிலிருந்தே வந்ததை நினைத்து அரசன் திகைத்து நின்றான். நேற்றைய கணக்கைவிட இதுதான் அவனுக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது.

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து, தன் மேல் இருப்பவரை முதலில் இறக்கும்படி மந்திரியின் குரல் ஈனமாகக் கேட்டது. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்து மாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டான். இனி எந்தக் கணக்கும் மருதப்பன் கேள்வி கேட்ட பிறகே ஆணையாகும் என்று அறிவித்தான். மந்திரிக்கும் வேலை கொடுத்தான், மண்கூடை தூக்கும் வேலை.

பத்தாம் நாள் பாறை இடுக்கில் நீர் பீறிட்டது. இத்தனை குளிர்ச்சி இவ்வளவு நாளும் தன் காலடியில் இருந்ததா என்று அரசன் வியந்தான். பிறகு முதல் கை நீரை அள்ளி, தான் குடிக்காமல் மருதப்பன் கையில் வார்த்தான்.