ஐந்து தாழ்ப்பாள்கள்

கர்ர்... கர்ர்... கர்ர்.

படுத்தால் தொடங்கும். எழுந்து நடந்தால் நின்றுவிடும். மறுபடி படுத்தால் மறுபடியும்.

யாரோ வாசல் கதவை அரத்தால் ராவுவதுபோல ஒரு சத்தம்.

செலஸ்டினா ஏழு மாதக் குழந்தை இனிகோவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த ஜெபத்தை உதட்டுக்குள் உருட்டியபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். புருஷன் கப்பலில். வீடோ தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் உப்பளம்.

கதவோடு வந்த தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. சத்தம் கேட்ட முதல் வாரமே இரண்டாவதை மாட்டினாள். பிறகு மூன்றாவது. தானே துளை போட்டு, தானே திருகாணி முடுக்கி, இப்போது ஐந்து.

ஐந்தையும் போட்டுவிட்டு, ஐந்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பாள்.

கர்ர்.

தூக்கம் போயிற்று. தூக்கத்தோடு பாலும் சுண்டிக்கொண்டே வந்தது. இனிகோ இரண்டு வாய் உறிஞ்சுவான், பிறகு வீரிட்டு அழுவான். "தாய் தூங்கினாத்தானம்மா பிள்ளைக்குப் பால்" என்றாள் நர்ஸ், ஏதோ செலஸ்டினா வேண்டுமென்றே விழித்திருப்பதுபோல.

அதன் பிறகுதான் அவள் வடிவைத் தேடிப் போனாள்.

*

வடிவு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். ஞாயிறு ஒரு நாள் மட்டும் அவள் கையில் ஊசி கிடையாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஆசைக்கு மர வேலை செய்வாள். கரண்டில் ஓடுகிற சாமான் ஒன்றும் இல்லை. ரம்பம், உளி, இழைப்புளி. கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

செலஸ்டினாவைவிட மூன்று வயது சின்னவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றாள். சிஷ்யை குருவை ஏட்டி என்றாள்.

"ஏட்டி வடிவு, எனக்கு முக்காலி வேண்டாம், பொம்மை வேண்டாம். கதவுக்குக் குறுக்கே போட ஒரு கட்டை செய்யணும். எவனாலும் உடைக்க முடியாத கட்டை."

"யாரு உடைக்க வாரா?"

"தெரிஞ்சா போலீஸுக்குப் போக மாட்டேனா? உங்கிட்ட எதுக்கு வாரேன்?"

வடிவு யோசித்தாள்.

"காலையில வாசல் பெருக்கும்போது என்னக்கா கிடக்கும்?"

"குப்பை."

"என்ன குப்பை?"

"குப்பையில என்ன குப்பை? மஞ்சளா மாவு மாதிரி கொஞ்சம். உப்பளத்துக் காத்துல வர்ற தூசி. இப்ப எனக்குக் கட்டையச் சொல்லு."

வடிவு எழுந்தாள். மூலையில் கிடந்த வேங்கைக் கட்டையைப் புரட்டித் தள்ளினாள். நாலடி நீளம், நல்ல கனம், நாலு பக்கமும் கரடுமுரடு. செலஸ்டினா கையில் இழைப்புளியைக் கொடுத்தாள்.

"இழைங்க."

அன்று முழுக்க இழைத்தாள். ஒரு பக்கம்தான் மட்டத்துக்கு வந்தது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

ராத்திரி ஐந்து தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

கர்ர்.

*

அடுத்த ஞாயிறு மீதி மூன்று பக்கமும் முடிந்தது.

"இப்பவாவது கட்டையப் பத்திச் சொல்லுவியா?"

வடிவு இரண்டு துண்டுகளை எடுத்து முன்னால் வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் பச்சை எனாமல் பெயின்ட், பளபளவென்று.

"எது நல்லது?"

செலஸ்டினா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்."

"கண்ணால பாத்தா ஒண்ணுதான். தட்டிப் பாருங்க."

விரல் மொட்டியால் ஒன்றைத் தட்டினாள். ணங்.

இன்னொன்றைத் தட்டினாள். பொத்.

பொத்தென்றதைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். பெயின்ட் பப்படம்போல உடைந்தது. விரல் முழுசாக உள்ளே போயிற்று.

"சேசுவே!"

கையை உதறினாள். விரலெல்லாம் மஞ்சள் மாவு.

அவள் அதைப் புடவையில் துடைத்துவிட்டாள்.

வடிவு அந்தப் புடவையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "சரி, அடுத்த வாரம் நான் உங்க வீட்டுக்கு வாரேன்" என்றாள்.

*

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து செலஸ்டினா வீட்டுக்கு வந்தபோது வாசலில் வடிவு நின்றாள். தோளில் வேங்கைக் கட்டை, கையில் சாமான் பை.

கதவையும் அதைத் தாங்கும் மர நிலையையும் மேலும் கீழும் பார்த்தாள். பச்சை எனாமல். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் செலஸ்டினாவே அடிப்பது. சின்னச் சின்ன ஓட்டை ஏதாவது கண்ணில் பட்டால் மக்கு வைத்து அடைத்துவிட்டுத்தான் அடிப்பாள்.

"அக்கா, பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போங்க. அஞ்சு தாழ்ப்பாளையும் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்களேன்."

செலஸ்டினா உள்ளே போனாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். ஐந்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"தள்ளி நில்லுங்க."

வெளியே வடிவு கதவின்மேல் தோளைச் சாய்த்தாள். இடிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் தூணில் சாய்வதுபோல, அவ்வளவுதான்.

மளுக்.

கதவு திறந்துகொண்டது.

நிலையின் ஒரு பக்கம் நீளமாகக் கிழிந்து, மஞ்சள் மாவு பொலபொலவென்று கொட்டியது. மாவுக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

ஐந்து தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தன. திறந்த கதவில் வரிசையாக, நாக்கைத் துருத்திக்கொண்டு.

வடிவு நிலைப்படியில் நின்றாள். இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

செலஸ்டினாவுக்கு மூச்சு வரவில்லை. வந்தபோது அலறலாக வந்தது.

"ஏட்டி! உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒத்தையில கிடக்கவ வீட்டுக் கதவ உடச்சிட்டியே! இன்னைக்கு ராத்திரி நான் எப்படித் தூங்குவேன்?"

"இத்தன நாளும் எப்படித் தூங்குனியளோ, அப்படி."

செலஸ்டினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நாள். இந்தக் கதவுக்குப் பின்னால். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு.

தரையில் கிடந்த நிலைத்துண்டு ஒன்றை எடுத்துக் காதருகே வைத்தாள்.

கர்ர்.

துண்டு கையிலிருந்து விழுந்தது.

"உனக்கு அன்னைக்கே தெரியும்."

"வாசல்ல மாவுன்னு சொன்னிய."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆறாவது தாழ்ப்பாளப் போட்டிருப்பிய."

*

உளுத்த பாகத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். நிலையில் நாலடிக்குப் பள்ளம். செலஸ்டினா குனிந்து அளந்தாள். நிமிர்ந்து வேங்கைக் கட்டையைப் பார்த்தாள். பிறகு வடிவைப் பார்த்தாள்.

வடிவு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

கட்டையின் இரண்டு முனையையும் செலஸ்டினாதான் செதுக்கினாள். இரண்டு தடவை அளவு பிசகியது. "கோடு போட்ட இடத்துல வெட்டணும்க்கா, ஆசப்பட்ட இடத்துல இல்ல" என்றாள் வடிவு. மூன்றாவது தடவை கட்டை பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்தது. கொட்டாப்புளியால் நாலு தட்டு. நீள ஆணிகளைச் சுவர்வரைக்கும் இறக்கினார்கள்.

"எத்தன தாழ்ப்பாள்?" என்றாள் வடிவு.

கதவிலிருந்து கழற்றிய ஐந்தும் செலஸ்டினா மடியில் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பொருத்தினாள்.

"மத்த நாலு?"

"பீரோவுக்கு வச்சுக்கிடுதேன்" என்றாள் செலஸ்டினா. சொன்ன பிறகுதான் தான் கேலி பேசியது அவளுக்கே தெரிந்தது.

அதற்குள் இருட்டிவிட்டது.

தூசியைக் கழுவிக்கொள்ளச் செலஸ்டினா தெருக் குழாய்க்குப் போனாள். திரும்பியபோது வடிவு இனிகோவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"நீங்க அங்கயே நில்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. டக். தாழ்ப்பாள்.

"ஏட்டி! என்ன விளையாட்டு இது? பிள்ளையக் குடு!"

"வந்து வாங்கிக்கிடுங்க. கதவ உடச்சிட்டு வாங்க."

செலஸ்டினா தள்ளினாள். தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். உள்ளே இனிகோ அழத் தொடங்கினான். அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. தெரு நடுவரைக்கும் போய் ஓடிவந்து மோதினாள்.

ணங்.

கதவு அசையவில்லை. நிலை அசையவில்லை.

தோள் விண்ணென்று தெறித்தது. கதவில் சாய்ந்து நின்றாள். சுற்றிலும் ஒரே இருட்டு. உப்பளத்துக் காற்று. காதோரம் கொசு. வேறெந்தச் சத்தமும் இல்லை.

உள்ளே பிள்ளை அழுதுகொண்டே இருந்தான்.

மார்பில் ஏதோ சூடாகப் பரவியது. குனிந்து பார்த்தாள். ரவிக்கை நனைந்து, புடவைவரைக்கும் நனைந்திருந்தது. அவள் திடுக்கிட்டு அதைக் கையால் தொட்டாள். பால்.

தாழ்ப்பாள் விலகியது. வடிவு பிள்ளையை நீட்டினாள்.

"யாருக்கா வெளிய?"

செலஸ்டினா திரும்பித் தெருவைப் பார்த்தாள். தன் தோளைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

வடிவு சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

செலஸ்டினா உள்ளே வந்தாள். பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். விரல் மொட்டியால் நிலையை ஒரு தடவை தட்டினாள்.

தாழ்ப்பாளைப் போட்டாள். தொட்டுப் பார்க்கவில்லை.