முழுகாத வட்டில்

முன்னொரு காலத்தில் கருவேல நாட்டைச் சித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் பசி வந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் ஆணை வரும். சாப்பிட்டு முடித்ததும் பாதி ஆணைகளை அவரே முறித்துப் போட்டுவிடுவார். மீதிப் பாதியை யாருக்கும் காயமில்லாமல் சரிக்கட்டுவது மந்திரி ஆதிமூலத்தின் வேலை.

மந்திரிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ராஜாவின் மதிய உணவை முதலில் காத்தாயி என்ற பெண் ருசி பார்ப்பாள். பிறகு, அடியில் துளையிட்ட செப்பு வட்டில் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் ஏறி வட்டில் முழுக அரை நாழிகை ஆகும். அதுவரை காத்தாயிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உணவில் விஷமில்லை, தட்டு உள்ளே போகலாம். பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர் மந்திரி.

முன்பு அந்த வேலையில் இருந்தவன் அவள் புருஷன் மருதன். ஒரு நாள் பாயசத்தை ருசி பார்த்தவன், வட்டில் பாதி நிறைவதற்குள் சரிந்துவிட்டான். ராஜா பிழைத்தார். வழக்கப்படி வேலை அதே வீட்டுக்குப் போனது. ஊர்க்கோடிச் சனங்களின் உயிர்தான் அரண்மனைக்கு மலிவு.

ஆதிமூலம் மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். முதல் வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பிறகு மழையைப் பற்றி, அவள் வீட்டுப் பூசணிக்கொடியைப் பற்றி என்று பேச்சு வளர்ந்தது. வட்டில் அடியில் போய்த் தட்டியதும், "முழுகிடுச்சு, அய்யா. போங்க" என்பாள். முழுகினால் அவள் பிழைத்தாள். முழுகினால் அன்றைய பேச்சும் முடிந்தது. சீக்கிரம் முழுகட்டும் என்றும் முழுகவே வேண்டாம் என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டு அவர் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி இருப்பார். ஆறு வருஷம் அப்படிப் போனது.

ஒரு நாள், என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டேவிட்டார். காத்தாயி வட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒருத்தர் சாய்ஞ்சதை நான் பார்த்தாச்சு அய்யா. இப்ப சாயற முறை என்னோடது. என்னைக் கட்டிக்கிட்டு, தினம் மத்தியானம் நீங்க இந்தத் தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

"இப்போதும் அதைத்தானே செய்கிறேன்?"

வட்டில் அடியில் போய்த் தட்டியது. "முழுகிடுச்சு, அய்யா. போங்க" என்றாள்.

அடுத்த வாரம், மிளகுச் சாறு குடித்ததும் அவளுக்கு விக்கல் எடுத்தது. விஷம் என்று பயந்துபோன மந்திரி தன் சொம்புத் தண்ணீரைக் கொடுத்தார். வெறும் விக்கல்தான். அவள் சிரித்தாள். அவருக்குத்தான் நாக்கு வறண்டு போயிருந்தது. அவள் வாய் வைத்துக் குடித்த மீதியை அப்படியே குடித்துவிட்டார். வாசலில் நின்று இதைப் பார்த்தவர் கஸ்தூரி ராயர். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர்.

மறுநாள் காலை, ராஜா வெறும் வயிற்றோடு இருக்கும் நேரமாகப் பார்த்து ராயர் சபையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மந்திரி ஊர்க்கோடிப் பெண்ணின் எச்சிலைக் குடித்தார், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறார், சபையே தீட்டாகிவிட்டது என்றார். ராஜாவுக்குக் கோபம் வந்தது. ராயர் சொல்லச் சொல்ல ஓலை எழுதப்பட்டது: காத்தாயி வாய் வைத்ததை உட்கொள்பவர் அவள் குலத்தவரே, அவர் இச்சபையில் அமரலாகாது.

ஆதிமூலம் மறுத்துப் பேசவில்லை. 'எவராயினும்' என்று ஒரு சொல் சேர்த்தால் ஆணை இன்னும் உறுதியாக இருக்கும் என்று மட்டும் பணிவாகச் சொன்னார். ராயர் மகிழ்ச்சியோடு சேர்த்தார். முத்திரை விழுந்தது. அவளா சபையா என்று மதிய உணவுக்குப் பிறகு பதில் சொல்லும்படி மந்திரிக்கு உத்தரவாயிற்று.

மதியம் தட்டு வரவில்லை. ராஜா இரண்டு முறை குரல் கொடுத்தார். கடைசியில் மந்திரி ஒரு கையில் தட்டும் மறு கையில் ஓலையுமாக வந்தார். தலை போனாலும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், மகாராஜா. நான் ஊர்க்கோடிக்குப் போகிறேன். இந்தச் சோறு காத்தாயி வாய் வைத்தது. தாங்கள் சாப்பிடுவதானால் அவள் வீட்டுக்குப் பக்கத்து மனை காலியாக இருக்கிறது, பேசி வைக்கிறேன்."

ராஜாவின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக ராயர் பக்கம் திரும்பினார்.

"இனிமேல் உயர்ந்த குலத்தார் யாராவது ருசி பார்க்கட்டும், மகாராஜா," என்றார் ராயர்.

"இங்கே உம்மைவிட உயர்ந்த குலம் யார்? நீரே தொடங்கும்."

"இன்று ஏகாதசி..."

"நாளைக்கு?"

"நாளைக்குத் துவாதசி. வீட்டில்தான் சாப்பிட வேண்டும்."

"மறுநாள்?"

"சில நாளாக வயிறு சரியில்லை."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். தட்டைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"ஆறு வருஷத்தில் அந்தப் பெண் ஒரு நாளும் ஏகாதசி என்று சொல்லவில்லையே ராயரே," என்றார்.

ஓலையை முறித்துப் போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்து, என்ன வேண்டும் என்று மந்திரியைக் கேட்டார். பொன்னும் நிலமும் வேண்டாம் என்றார் ஆதிமூலம். ராஜாவுக்கும் சபையாருக்கும் ஒரே அண்டாவில் சமைக்க வேண்டும், எல்லாரும் ஒரே பந்தியில் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், அப்போது யாரும் யாருக்காகவும் சாக வேண்டியிருக்காது என்றார். ராஜா சம்மதித்தார். தமக்கு வலப்பக்கம் சமையல்காரரும் இடப்பக்கம் ராயரும் உட்கார வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ராயருக்கு வயிறு உடனே சரியாகிவிட்டது.

மறுநாள் மதியம் ருசி பார்க்கும் அறையில் யாருக்கும் வேலையில்லை. பந்தி எழுந்ததும் ஆதிமூலம் கால் பழக்கத்தில் அங்கே போனார். காத்தாயி தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். வட்டில் மிதந்துகொண்டிருந்தது.

"இது முழுகற வரைக்கும் இருங்க. முழுகினதும் போயிடணும்," என்றாள்.

உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் மருதனைப் பற்றிப் பேசினாள். அவனுக்குப் பாயசமே பிடிக்காதாம். நெடுநேரம் சொன்னாள், நடுவில் அழுதாள். சன்னல் வெயில் தரையைக் கடந்து சுவரில் ஏறிவிட்டது. வட்டில் மட்டும் மிதந்துகொண்டே இருந்தது.

அவர் அதை எடுத்து அடியைப் பார்த்தார். துளையில் தேன்மெழுகு வைத்து அடைத்திருந்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வட்டிலைச் சத்தமில்லாமல் தண்ணீரிலேயே வைத்தார்.

"இன்னும் முழுகவில்லை," என்றார்.

"அப்ப இருங்க," என்றாள் காத்தாயி.