வீட்டுக்குப் போன குண்டு

எந்த நாடு, எந்தக் காலம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது. ஒரு கோட்டை இருந்தது. கோட்டைக்கு ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு படை. படை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பீரங்கி ஒன்று, அதைப் பழுது பார்க்க மூன்று பேர். துடைப்பதும் அவர்கள்தான், சுடுவதும் அவர்கள்தான்.

மேஸ்திரி பெயர் கொம்பையா. அவருக்குக் கீழே ஒச்சப்பன், சப்பாணிமுத்து. மூன்று பேரிடமும் சேர்த்து ஒரு ஆள் மூளை இருந்திருந்தால் கதையே இல்லை. இல்லாததால் கதை இருக்கிறது.

கோட்டைச் சாமான் அறைக்கு மணியக்காரர் திருவேங்கடம். அந்த அறைக்குப் பூட்டு உண்டு, சாவி உண்டு, மணியக்காரர் உண்டு. சாமான்தான் கிடையாது. ராஜாவின் பல்லக்குக்கு முத்துக் குஞ்சம் கட்டியதிலேயே கஜானா காலி. சுத்தியல் கேட்டுப் போனால் திருவேங்கடத்திடம் ஒரே பதில்தான்.

"கைக்காசு போட்டு வாங்கிக்குங்கப்பா. நாட்டுக்காக இதுகூடச் செய்யக் கூடாதா?"

செய்தார்கள். முழுச் சுத்தியல் வாங்க யாரிடமும் காசு இல்லை. இரும்புத் தலையைச் சப்பாணிமுத்து வாங்கினான், கைப்பிடியை ஒச்சப்பன் வாங்கினான். சாயங்காலமானால் அவனவன் பங்கை அவனவன் வீட்டுக்கு எடுத்துப் போவான். ஒச்சப்பனுக்குக் காய்ச்சல் வந்தபோது சப்பாணிமுத்து வெறும் தலையைக் கையில் பிடித்து ஆணி அடித்தான். விரல் நசுங்கி அவன் படுத்தான். அதற்குள் காய்ச்சல் விட்டு ஒச்சப்பன் வந்து, கைப்பிடியால் மட்டும் அடித்தான்.

"சப்பாணி அடிச்சப்போ 'அய்யோ'ன்னு ஒரு சத்தமாவது வந்துச்சு. நீ அடிக்கிறதில அதுகூட இல்லையேடா" என்று கொம்பையா வருத்தப்பட்டார்.

கைக்காசும் தீர்ந்தது. மறுபடி மணியக்காரரிடம் போய் நின்றார்கள்.

"காசு இல்லைன்னா வீட்டில சாமான் இருக்குமில்ல? கொண்டாங்க" என்றார் திருவேங்கடம். "ஆனா ஒண்ணு. சொந்தச் சாமான் கோட்டைக்குள்ள ராத்தங்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிரணும். இல்லைன்னா நாளைக்கு எவனாவது, என் சாமான் உள்ள கிடக்கு, கோட்டையில எனக்கும் பங்கு கொடுன்னு வந்து நிப்பான்."

உத்தரவு என்றால் உத்தரவு. ஒச்சப்பன் தன் மாட்டுவண்டியின் சக்கரங்களைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தான். சப்பாணிமுத்து கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்தான். வெடிமருந்து இடிக்கக் கொம்பையா வீட்டு உலக்கை, அச்சில் தடவ அவர் வீட்டு விளக்கெண்ணெய். காலையில் பூட்ட ஆரம்பித்தால் மத்தியானம் முடியும். மத்தியானம் கழற்ற ஆரம்பித்தால்தான் இருட்டுவதற்குள் முடியும். தடவிய எண்ணெயை விரலால் வழித்துக் கிண்ணத்தில் விடுவார்கள். அடித்த ஆணிகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வார்கள், ஆணியும் சொந்த ஆணிதானே. கடைசி ஆணியைப் பிடுங்கியதும் பீரங்கி தொப்பென்று தரையில் விழும்.

"இன்னைக்கு வேலை சுத்தம்" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் வீட்டுக்குப் போவார்கள்.

இப்படியே போயிருக்கும். ராஜாவுக்குப் பிறந்தநாள் வந்து கெடுத்தது. பக்கத்து நாட்டுத் தூதர் விருந்துக்கு வருகிறாராம். அவர் மிரள வேண்டுமாம். வெறும் மருந்துச் சத்தம் போதாது, குண்டு போட்டே சுட வேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். திருவிழா வாணத்துக்கு வைத்திருந்த மருந்து கொஞ்சம் இருந்தது. குண்டு இல்லை.

"கனமா, உருண்டையா எவன் வீட்டிலயாவது ஏதாவது இருக்கும். கொண்டாங்க" என்றார் திருவேங்கடம்.

சாமான் கொடுக்கும் முறை அன்றைக்குக் கொம்பையா வீட்டுக்கு. அவர் வீட்டில் கனமாகவும் உருண்டையாகவும் இருந்தவை இரண்டு. ஒன்று ஆட்டுக்கல்லின் குழவி. இன்னொன்று அவர் மாமனார். மாமனாரைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசல் இறங்கும்போது மனைவி ராக்கம்மா பிடித்துவிட்டாள்.

"யோவ், அதை எங்க தூக்கிட்டுப் போற?"

"நாட்டுக்கு."

"நாட்டுக்கு உலக்கை கொடுத்தாச்சு, எண்ணெய் கொடுத்தாச்சு. இன்னும் உன் நாட்டுக்கு மாவு வேற ஆட்டணுமா? இன்னைக்குச் செவந்தியைப் பொண்ணு பார்க்க வர்றாங்கய்யா! உளுந்து ஊறிக்கிட்டிருக்கு. வடை இல்லாம மாப்பிள்ளையோட அம்மா பொண்ணு முகத்தையே பார்க்காதாம். வந்த இடமெல்லாம் தட்டித் தட்டிப் போகுது. இதுவும் போச்சுன்னா எம்புள்ளைக்கு வேற இடம் இல்ல."

கொம்பையாவுக்கு மகள் மேல் உயிர். "அவங்க வர்றதுக்குள்ள குழவி வீட்டில இருக்கும். மணியக்காரர் உத்தரவே அதுதான்."

"இருக்கணும். குழவி இல்லைன்னா நீயும் இந்த வீட்டில இருக்கக் கூடாது."

கோட்டை மதில் மேல் பீரங்கியைப் பூட்டினார்கள். மருந்தை இடித்தார்கள். குழவி அளவெடுத்துச் செய்த மாதிரி பீரங்கி வாய்க்குள் போய் உட்கார்ந்தது. திரியைக் கொளுத்தப் போகும்போது ஒச்சப்பன் தலையைச் சொறிந்தான்.

"மேஸ்திரி, ஒரு சந்தேகம். குழவி சொந்தச் சாமான்தானே?"

"ஆமா."

"சுட்டா வெளியே போயிருமே."

"போனா நல்லதுதானடா. கோட்டைக்குள்ள தங்காது."

"தங்காது சரி. வீட்டுக்குப் போகணும்னும் சொல்லியிருக்காரே?"

மூன்று பேரும் பீரங்கியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கயிறு கட்டிச் சுடுவோம். சுட்டதும் இழுத்துக்கலாம்" என்றான் சப்பாணிமுத்து.

"அது கிணத்துக் கயிறு. கிணத்துக்குள்ள சுட்டாத்தான் எட்டும்" என்றார் கொம்பையா.

"அப்போ நான் முன்னாலேயே போய், குண்டு விழுற ஏரிக்கரையில நிக்கிறேன். வந்ததும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிறேன்" என்றான் ஒச்சப்பன்.

"கை நழுவிட்டா? குழவி உடைஞ்சு போகுமேடா!"

ஒச்சப்பன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

கொம்பையா எழுந்து மதிலுக்கு வெளியே பார்த்தார். கீழே ஊர் தெரிந்தது. ஊரில் அவர் வீட்டுக் கூரை தெரிந்தது. அவருக்கு முகம் மலர்ந்துபோனது.

"அட மடப்பசங்களா! குழவி எங்க போகணும்? என் வீட்டுக்கு. பீரங்கி எதுக்கு இருக்கு? இங்க இருக்கிறதை அங்க அனுப்புறதுக்கு. நாம எதுக்குடா சுமக்கணும்? திருப்புங்க பீரங்கியை!"

இவ்வளவு நல்ல யோசனை அந்தக் கோட்டையில் அதுவரை தோன்றியதில்லை. இருந்தாலும் கொம்பையா பொறுப்பான ஆள். விருந்துக்கு ஓடிக்கொண்டிருந்த மணியக்காரரை மறித்து, "எந்தப் பக்கம் சுடணுங்க?" என்று கேட்டுக்கொண்டார்.

"எந்தப் பக்கம் சுட்டா என்னய்யா? தூதர் நடுங்கணும், அவ்வளவுதான்."

உத்தரவும் கிடைத்துவிட்டது. தகவல் சொல்லச் சப்பாணிமுத்து ஊருக்குள் ஓடினான்.

"மதினி, வாசக்கதவை அகலத் திறந்து வைங்க. குழவி வந்துக்கிட்டிருக்கு."

"யாரு கொண்டாராங்க?"

"யாரும் கொண்டார வேண்டாம் மதினி. அதுவே வந்துரும்."

சப்பாணிமுத்து பேச்சில் அர்த்தம் தேடி ராக்கம்மாவுக்குப் பழக்கமில்லை. கதவைத் திறந்து வைத்தாள். ஊறிய உளுந்தை ஆட்டுக்கல் குழியில் கொட்டிவிட்டு, குழவி வரும் வழியைப் பார்த்தாள். வழியில் மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தாள்.

சப்பாணிமுத்து கோட்டைக்குத் திரும்பியதும் திரியைக் கொளுத்தினார்கள். டமார்! தூதர் நடுங்கியதில் கையில் இருந்த பாயசம் மடியில் கொட்டியது. ராஜாவுக்கு ஒரே சந்தோஷம்.

கொம்பையாவைக் கூப்பிட்டு, "குண்டு எங்க போய் விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போயிருச்சு மகாராஜா. உத்தரவுப்படி" என்றார் கொம்பையா.

ராஜாவுக்குக் காது அடைத்திருந்தது. பதில் நன்றாக இருக்கிறது என்று கையைத் தட்டினார். மூன்று பேரும் அவசரமாக ஆணியைப் பிடுங்கி, எண்ணெயை வழித்து, சக்கரத்தை உருட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

வீட்டில் கூரை நடுவே ஒரு ஓட்டை. அதற்கு நேர் கீழே ஆட்டுக்கல். ஆட்டுக்கல் குழியில் குழவி. உளுந்து ஒரே அடியில் அரைபட்டு, சுவர், தூண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மீசை என்று எல்லா இடத்திலும் இருந்தது. ராக்கம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். செவந்தி கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இந்த இடமும் போச்சு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

கொம்பையா கூரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கோபம் வந்தது.

"கதவு திறந்துதானே இருக்கு? எதுக்குக் கூரை வழியா வரணும்? பெரியவங்க உட்கார்ந்திருக்காங்கன்னு ஒரு மரியாதை வேண்டாம்?" என்று குழவியைத் திட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அரைபாடு பிரமாதம்" என்றாள். "உப்புதான் பத்தல."

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளையப்பன், பக்கத்து நாட்டுப் படையில் கூடாரம் தைக்கிறவர். மெதுவாக எழுந்து வந்து குழவியைத் தடவிப் பார்த்தார்.

"இது கோட்டையில இருந்தா வருது?"

"ஆமாங்க. சொந்தச் சாமான். ராத்தங்கக் கூடாது பாருங்க."

வெள்ளையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க படையிலயும் இதே உத்தரவுதான். துணி கிடையாது, வேட்டியைப் போட்டுத்தான் தைக்கிறோம். என் வேட்டி கூடாரத்தில இருக்கு. இப்போ நான் கட்டியிருக்கிறது கூடாரத்துக் கதவு. ஆனா சாமானை இவ்வளவு பொறுப்பா வீட்டுக்கு அனுப்புற ஆளை நான் பார்த்ததே இல்லை. சம்பந்தி, பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

பொண்ணை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"சீர் உண்டுல்ல? அண்டா, குத்துவிளக்கு எல்லாம்?" என்றார் வெள்ளையப்பன்.

"குறைவில்லாம."

"எதுக்கு வண்டிக்கூலி? எல்லாத்தையும் இப்படியே அனுப்பிருங்க. நாங்க கதவைத் திறந்து வைக்கிறோம்."

"கூரையையும் எடுத்து வைங்க சம்பந்தி. இது சொன்ன பேச்சுக் கேட்காது."

கதவுக்குப் பின்னாலிருந்து செவந்தி தலையை நீட்டினாள். "யப்பா, அண்டா எப்படி வேணா போகட்டும். நான் நடந்துதான் போவேன்."

எல்லோரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

"பக்கத்து நாடு வரைக்கும் நடந்தா புதுச் செருப்பு தேஞ்சிருமேம்மா" என்றார் கொம்பையா. "கல்யாணப் பொண்ணு தேஞ்ச செருப்போட போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"அதுக்கு எதுக்கு மேஸ்திரி கவலை?" என்றான் ஒச்சப்பன். "செருப்பைப் பீரங்கியில அனுப்பிருவோம். பாப்பா வெறுங்காலோட நடந்து போய் அங்க போட்டுக்கட்டும்."

அதுதான் சரி என்று இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள். ராக்கம்மா சுவரிலிருந்து மாவை வழித்து, உப்பைப் போட்டு, வடை சுட ஆரம்பித்தாள்.