மஞ்சள் போன வழி

இருட்டியதும் அந்த வீட்டுக் குளியலறையில் யாரோ வாய் கொப்பளிப்பது போலச் சத்தம் கேட்கும். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

அங்கே குடியிருக்கும் ரேணு நகர அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்துவிட்டாள். கைக்குழந்தைக்காரி எதையோ கேட்டுப் பயந்திருக்கிறாள் என்று மனுவின் ஓரத்தில் யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

அந்தப் புதுநகரில் கீழே கடை, நடுவே ஆபீஸ், மேலே வீடு என்று கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாலைகளும் கழிவுநீர்க் குழாய்களும் தில்ஷாத்தின் பொறுப்பு. அவளிடம் வேலை கற்க வந்தவர் தணிகாசலம். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். சாலை போட்டே தலை நரைத்தவர். குழாய்தான் அவருக்குப் புதிது.

"மேடம், மேட்டுத் தெருக் குழாயில இன்னும் இருநூறு வீட்டைச் சேர்க்கலாமா? நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"தாராளமா சேர்க்கலாம். வீட்டுக்காரங்க காலையில குளிப்பாங்க. ஆபீஸ் பகல்ல. ஓட்டல் ராத்திரி. எல்லாரும் ஒரே நேரத்துல தண்ணி விடமாட்டாங்களே."

தில்ஷாத் ரேணுவின் மனுவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஒரு மளிகைக்கடையில் மஞ்சள்தூள் வாங்கினாள்.

"சமையலா மேடம்?"

"நீங்கதான் பண்ணப் போறீங்க சார்."

ரேணுவின் வீடு நகரின் தாழ்ந்த முனையில், தரைத்தளத்தில் இருந்தது. குளியலறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. நிலையில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை ரேணு காட்டினாள்.

"மாமியார் கட்டினது. பேய்தான்னு அவங்க முடிவே பண்ணிட்டாங்க. ஸ்கூல்ல சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை நான் சொல்லிப் பார்த்தேன். ரெண்டுக்கும் அடங்கல."

"கதவு ஏம்மா திறந்திருக்கு?" என்றாள் தில்ஷாத்.

"ஒரு தடவை குளிச்சிட்டிருக்கும்போதே கழிவுத்தண்ணி கணுக்கால் வரைக்கும் ஏறிடுச்சு. வெளியில பாப்பா தனியா கிடக்கா. அன்னைலேர்ந்து கதவைத் திறந்துவச்சுதான் எல்லாமே."

தணிகாசலம் வேறு பக்கம் பார்த்தார்.

எட்டு மணிக்குச் சத்தம் வந்தது. ரேணு குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

தில்ஷாத் பொட்டலத்தைத் தணிகாசலத்திடம் நீட்டினாள். "மேட்டுத் தெருப் பெரிய கட்டடத்துல பன்னிரண்டாவது மாடி. யார் வீட்லயாவது கேட்டுக்கிட்டு, டாய்லெட்ல இதைக் கொட்டித் தண்ணி விட்டுட்டு வாங்க."

"என்ன நினைப்பாங்க மேடம்?"

"பேய் ஓட்ட வந்தவர்னு நினைப்பாங்க. பரவால்ல, போங்க."

அவர் போய்வர முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பியபோது இரண்டு பெண்களும் குளியலறை வாசலில் குனிந்து நின்றிருந்தார்கள். தரையில் இருந்த சல்லடைத் துளைகள் வழியே நுரை பொங்கி வந்துகொண்டிருந்தது. நுரை மஞ்சளாக இருந்தது.

அவரும் குனிந்து பார்த்தார்.

"இது நான் கொட்டினது."

"ஆமா சார்."

"அங்க எல்லாரும் இப்பதான் வேலை முடிஞ்சு வந்து குளிக்கறாங்க. கீழே ஓட்டல்ல பாத்திரம் கழுவறாங்க. பார்த்துக்கிட்டேதான் வந்தேன்."

"அப்போ பேய் இல்லையா?" என்றாள் ரேணு.

"இல்லம்மா. அக்கம்பக்கத்துக்காரங்கதான்."

மறுநாள் அவர் கையெழுத்துப் போடவில்லை. கட்டடக்காரர்கள் சத்தம் போட்டார்கள். தாழ்ந்த முனைக்குப் பெரிய குழாய் போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆனது.

முடிந்த அன்று மூவரும் அதே வாசலில் நின்றார்கள். எட்டு மணி ஆனது. எட்டரையும் ஆனது. சல்லடை காய்ந்தே கிடந்தது.

தணிகாசலம் மெல்லக் கேட்டார். "இப்போ அந்த இருநூறு வீட்டைச் சேர்க்கலாமா மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? பொறுங்க, ரேணு சொல்லட்டும்."

ரேணு குழந்தையைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. ஒரு விரற்கடை திறந்தது. மறுபடி மூடியது.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.